மாதிரி வீதமும் மனிதச் செவியும்

ஒலியை எண்களாக மாற்றிப் பதிய நொடிக்கு எத்தனை தடவை அளந்தால் போதும் என்பது, குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலம் முதல் ஓயாத வாதம். இப்படி அளப்பது சாம்பிளிங். நொடிக்கான எண்ணிக்கை மாதிரி வீதம். குறுந்தகட்டில் அது 44,100. ஒவ்வோர் அளவும் 16 பிட்.

ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளந்தால், அந்த அலையை மிச்சமின்றி மீட்டுவிடலாம். நைக்விஸ்ட் 1928இலும் கோத்தெல்னிகோவ் 1933இலும் இதற்கு அடித்தளமிட, ஷானன் 1949இல் தேற்றமாக நிறுவினார். நல்ல இளஞ்செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். ஆகவே 44,100 போதும். அளவுப் புள்ளிகளுக்கு இடையில் ஒலி தொலைந்துபோவதாகக் காட்டும் படிக்கட்டுப் படங்கள் பிழையானவை. வெளியே வரும் அலையில் படிகள் இல்லை.

44,100 என்ற எண் செவியை மட்டும் பார்த்துப் பிறந்ததல்ல. தொடக்கத்தில் எண்முறை ஒலியை வீடியோ நாடாவில் பதிந்தார்கள். ஒரு வரிக்கு மூன்று அளவுகள், 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரிகள், 50 புலங்கள், விடை அதேதான்.

முதல் தலைமுறைக் குறுந்தகடுகள் காதைக் கீறின என்ற புகாரை ஒதுக்கிவிட முடியாது. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று வெட்டும் அனலாக் வடிகட்டிகளைச் செம்மையாகச் செய்வது அன்று கடினம். பிலிப்ஸ் தன் கருவிகளில் வீதத்தை நான்கு மடங்காக்கி அந்தச் சுமையைக் குறைத்தது. பிறரும் அவ்வழிக்கு வந்தார்கள். பிறகு 96,000, 192,000 என்று விற்பனைக்கு வந்தவை வேறு கதை. 2007இல் மேயரும் மோரனும் உயர்தரப் பதிவின் வழியில் குறுந்தகட்டுத் தரத்தைக் குறுக்கே வைத்துச் சோதித்தார்கள். 554 தடவைகளில் 276 சரியான விடைகள். காசு சுண்டினாலும் அவ்வளவுதான் கிடைக்கும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட சராசரி 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். வேறுபாடு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவும் இல்லை.

இசைக்கருவிகள் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதில்லை என்பது மறுதரப்பின் வாதம். அது உண்மையே: வெண்கலத் தாளத்தின் முதல் மோதல் அதற்கு மேலும் போகும். ஆனால் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் இசைவாக அமைவதை சி. வி. ராமன் ஆராய்ந்து காட்டியபோது எண்ணியவை முதல் ஐந்து இசையங்கள். அவை குறுந்தகட்டின் எல்லைக்கு வெகு கீழே அடங்கிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் இந்த வாதம் பெரும்பாலும் இளையராஜா இரசிகர்களிடம் சூடு பிடிக்கிறது. 1970, 80களின் பாடல்களை இசைத்தட்டில் கேட்டவர்கள், குறுந்தகட்டில் அந்த உயிர் இல்லை என்பார்கள். அவர்கள் கேட்பது உண்மையாக இருக்கலாம். பழியை மாதிரி வீதத்தின் மேல் போடுவதுதான் தவறு. எந்த நாடாவிலிருந்து மாற்றினார்கள், அது எவ்வளவு தேய்ந்திருந்தது, மாஸ்டரிங்கில் சத்தத்தை எவ்வளவு ஏற்றி, உச்சங்களை எவ்வளவு நசுக்கினார்கள் என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. இன்னொன்று: 1992இன் ‘ரோஜா’வைப் பெரும்பாலான வீடுகள் கேட்டது கேசட்டில். சாதாரண வீட்டுக் கேசட் 15,000 ஹெர்ட்ஸைத் தொட்டாலே பெரிது.

புதுச்சேரியின் காட்டேரிக்குப்பம், வில்லியனூர், பாகூர் பக்கத்துத் திருவிழாவில் மைக் செட்காரர் பென் டிரைவில் கொண்டுவரும் பாட்டு எம்பி3. ஒலிப்பது கூம்பு ஒலிபெருக்கி. அது சில நூறு ஹெர்ட்ஸ் முதல் ஏழெட்டு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பாடும். அங்கே 192,000 என்பது வீண் செலவு. செவிக்கு உண்மையான கேடு உரத்த ஒலி. முதலில் பழுதாவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. தவில் அடிப்பவரும் கூம்பின் அருகே நிற்பவரும் இழப்பதை எந்த மாதிரி வீதமும் திருப்பித் தராது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு விதித்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45.