தாடையெலும்பு நோயும் தீக்குச்சிச் சட்டங்களும் (1845 – 1913)

தமிழ்நாட்டு வரலாற்று நூல்கள் அன்னி பெசண்ட் அம்மையாரை அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவராகவும் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கியவராகவுமே பெரிதும் அறிமுகப்படுத்துகின்றன. 1893இல் அவர் இந்தியா வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தோடு அவர் பெயர் இணைந்திருந்தது. அப்பெண்களிடையே காணப்பட்ட தாடையெலும்பு நோயை மருத்துவ உலகம் 1845இலேயே அறிந்திருந்தது. அந்நோய்க்குக் காரணமான தீக்குச்சியை இந்தியச் சட்டம் தடை செய்ததோ 1913இல். நோயறிதலுக்கும் நோய்த்தடைக்கும் இடையே 68 ஆண்டுகள் கழிந்தமைக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1830களில் ஐரோப்பாவெங்கும் பரவிய தீக்குச்சிகளின் தலையில் வெண்பாஸ்பரஸ் சேர்க்கப்பட்டது. எங்கு உரசினாலும் அவை பற்றிக்கொண்டன, விலையும் குறைவு. குச்சிகளை மருந்தில் முக்குவோரும் காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்போரும் நாள்தோறும் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தனர். வியன்னா மருத்துவர் லோரின்சர் இத்தொழிலாளரிடம் கண்ட தாடையெலும்பு நோயை 1845இல் விவரித்து எழுதினார். இங்கிலாந்துத் தொழிலாளர் அதனை ‘ஃபாசி ஜா’ என்றனர். தொழிற்கூடப் பேச்சுவழக்கு மருத்துவ நூலேறிய அரிய சொற்களுள் இதுவும் ஒன்று. தமிழில் இதனைத் ‘தாடை அழுகல்’ எனப் பெயர்ப்பது முற்றும் பொருந்தாது. சீழ் பிடிப்பது சுற்றியுள்ள தசை. எலும்போ உயிரிழந்து ஈறு விலகி வெளித்தெரிகிறது. ஆதலின் ‘தாடையெலும்பு மடிதல்’ என்பதே தக்கதாகும்.

நோய் பல்வலியாகவே தொடங்கும். பல்லைப் பிடுங்கிய குழி ஆறாது, சீழ் வடியும், பிறர் அருகிருக்க இயலாத நாற்றம் எழும். தாடையெலும்பின் மீது மெல்லிய ஈறு மட்டுமே உள்ளமையாலும், பற்கள் அவ்வெலும்பிற்குள் வேர்கொண்டிருத்தலாலும் வாயில் புகும் நஞ்சிற்கும் கிருமிக்கும் அஃது எளிதில் இலக்காகிறது. மருத்துவர்க்கு இருந்த வழி, மடிந்த எலும்பு பிரியும்வரை காத்திருந்து அகற்றுவதே. நியூயார்க் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ரஷ்மோர் வுட் ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடை முழுவதையும் அகற்றிய செய்தியை 1856இல் வெளியிட்டார். நோயுற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பிழைத்தவரும் முகம் சிதைந்து வாழ்ந்தனர்.

மாற்று வழி இல்லாமையே தாமதத்திற்குக் காரணம் என எண்ணுதல் தவறு. லோரின்சர் நோயை விவரித்த அதே வியன்னாவில், அதே பத்தாண்டில், ஷ்ரோட்டர் தீங்கற்ற செம்பாஸ்பரஸை இனங்கண்டார். 1855இல் சுவீடனின் லுண்ட்ஸ்ட்ரோம், செம்பாஸ்பரஸைப் பெட்டியின் உரசுபட்டையில் பூசிய காப்புத் தீக்குச்சியை விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்லாந்து 1872இலும் டென்மார்க்கு 1874இலும் வெண்பாஸ்பரஸைத் தடை செய்தன. இங்கிலாந்தோ மலிவு விலையையும், எங்கும் உரசலாம் என்னும் வசதியையும் விட முன்வரவில்லை.

1888 சூன் 23இல் ‘தி லிங்க்’ இதழில் பெசண்ட் ‘இலண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’ என்னும் கட்டுரையை எழுதினார். பிரையண்ட் அண்ட் மே நிறுவனம் அதனைப் பொய்யென ஒப்பமிடுமாறு தொழிலாளரை வற்புறுத்தியது. சூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர். இப்போராட்டத்தைப் பெசண்டே முன்னின்று நடத்தினார் என்னும் பொதுக்கருத்தை லூயிஸ் ராவின் ஆய்வு நூல் (2009) மறுத்து, தலைமை அப்பெண்களிடமே இருந்ததை நிறுவியுள்ளது. மற்றொரு கருத்தும் திருத்தப்பட வேண்டியதாகும். தாடை நோயை எதிர்த்தே வேலைநிறுத்தம் எழுந்தது என்பர். உண்மையில் தண்டக் கட்டணங்களும் பணிநீக்கமுமே உடனடிக் காரணங்கள். எனினும், உணவுண்ணத் தனியறை வேண்டும் என்னும் கோரிக்கை ஏற்கப்பட்டமை நோய்த்தடுப்பு நோக்கில் பெரிதும் கருதத்தக்கது. அதுவரை மருந்துப் புகை படிந்த வேலையிடத்திலேயே அவர்கள் உணவுண்டனர். வெண்பாஸ்பரஸ் மட்டும் 1901 வரை அத்தொழிற்சாலையில் நீடித்தது.

1891இல் சால்வேஷன் ஆர்மி செம்பாஸ்பரஸை மட்டும் பயன்படுத்தும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கிக் கூடுதல் கூலியும் அளித்தது. அதன் தீப்பெட்டி விலை மிகுதியாயிருந்ததால் சந்தையில் வெல்ல இயலவில்லை.

தாமதத்தின் முதன்மைக் காரணம் நோய் மறைக்கப்பட்டமையே எனலாம். நோய் வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் பலர் வேலையை விட்டிருப்பர். வேலையிலிருப்போரும் நீக்கப்படுவோம் என அஞ்சிப் பல்வலியை மறைத்தனர். எஞ்சிய கணக்கை வைத்திருந்தது நிறுவனம். நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி வந்தபின்னும் 17 நோயாளரைப் பற்றி அறிவிக்காமைக்காகப் பிரையண்ட் அண்ட் மே 1898இல் தண்டிக்கப்பட்டது. அபராதம் மிகச் சிறியது. செய்தித்தாள்களின் கண்டனமே பெரிதாயிற்று. 1899இல் உள்துறைக்கு அறிக்கையளித்த மூவருள் ஒருவர் வேதியியலார், ஒருவர் மருத்துவர், மற்றவர் பல் மருத்துவர். தொழிற்சாலை நோய் பற்றிய விசாரணையில் பல் மருத்துவர் இடம்பெற்றமை நோயின் நுழைவாயில் எதுவென்பதை அரசு உணர்ந்துவிட்டதைக் காட்டுகிறது.

1898இல் பிரான்சில் சேவன், காஹன் ஆகியோர் வெண்பாஸ்பரஸின்றியே எங்கும் உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை உருவாக்கிய பிறகு வணிக எதிர்ப்புத் தளர்ந்தது. 1906 செப்டம்பரில் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரிட்டன் 1908இல் சட்டமியற்றி 1910 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாகவே இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல். தீ விபத்து, குழந்தை உழைப்பு எனச் சிவகாசியின் துயரங்கள் பல. ஆனால் இலண்டன் பெண்களின் தாடை நோய் அவற்றுள் ஒன்றன்று. இவ்விரு ஆண்டுகளின் முன்பின் வரிசையே அதற்குக் காரணம்.

தாடையெலும்பின் வரலாறு அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவில் கடிகார முகப்பிற்கு ரேடியச் சாயம் தீட்டிய பெண்கள் தூரிகையை உதட்டால் கூர்மைப்படுத்தினர். அவர்தம் தாடைநோயைப் பல் மருத்துவர் தியோடர் பிளம் 1924இல் ‘ரேடியம் தாடை’ எனக் குறித்தார். 2003இல் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், புற்றுநோய்க்கும் எலும்புத் தேய்மானத்திற்கும் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளை உட்கொண்டோரிடம் இதையொத்த எலும்பு மடிதலைக் கண்டறிந்து வெளியிட்டார். இம்மருந்துகளும் பாஸ்பரஸ் சேர்மங்களே. பழைய எலும்பை நீக்கும் உயிரணுக்களை இவை முடக்குகின்றன. தாடைக்குக் கதிரியக்க மருத்துவம் பெறாத ஒருவர் இம்மருந்துகளை உட்கொண்டிருந்து, எட்டு வாரங்களுக்கு மேல் தாடையெலும்பு வெளித்தெரிந்தால் இந்நோய் என இன்று முடிவு செய்கின்றனர். ஆகவே, மருந்தைத் தொடங்குமுன் பற்களைச் சோதித்து, பிடுங்க வேண்டியவற்றைப் பிடுங்கிப் புண் ஆறவிடுமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.