ஒரு மில்லிமீட்டர் புழுவும் மார்பகப் புற்றுநோயும்: ஒரு குட்டி வரலாறு

1/ "டாக்டர், ரத்தத்துல மைக்ரோ ஆர்என்ஏ பார்த்தாலே மார்பகப் புற்றுநோய் தெரிஞ்சிடுமாமே? அப்போ மேமோகிராம் வேண்டாம்தானே?" இதைப் பலர் கேக்கறீங்க. பதில் கடைசியில. முதல்ல கதை.

2/ 1993, அமெரிக்கா. விக்டர் ஆம்ப்ரோஸ் ஆய்வகத்தில் 1 மி.மீ. நீளமுள்ள ஒரு புழுவை ஆராய்ந்தார்கள். லின்-4 என்ற ஜீன் கெட்டால் அது ஒழுங்காக வளராது. ஜீன்னா புரதம் தயாரிக்கணும்னு எதிர்பார்ப்போம். இது தயாரிக்கவில்லை. கிடைத்தது 22 எழுத்து நீள ஆர்என்ஏ துணுக்கு மட்டும்தான்.

3/ கேரி ரவ்கன் லின்-14 என்ற இன்னொரு ஜீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் ஒப்பிட்டால், எழுத்துகள் ஜோடி சேர்கின்றன! லின்-14 அனுப்பும் செய்தியில் இந்தத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைத் தடுக்கிறது.

4/ யாரும் பெருசா கண்டுக்கல. "புழு சமாச்சாரம்தானே!" 2000இல் ரவ்கன் குழு லெட்-7ஐக் கண்டுபிடித்தது. அது மனிதர்களிடமும் இருந்தது. அப்புறம்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

5/ 2005: கார்லோ குரோச்சே குழு மார்பகக் கட்டிகளைச் சோதித்தது. இயல்பான திசுவை விட, கட்டியில் 125பி, 145 எண் மைக்ரோ ஆர்என்ஏக்கள் குறைவு. 21, 155 அதிகம். இதில் 21, செல் பெருக்கத்துக்கு பிரேக் போடும் ஜீன்களையே அடக்கிவிடும்.

6/ 2007: லி மா, ராபர்ட் வைன்பெர்க். பரவாத மார்பகப் புற்றுசெல்களில் 10பி-ஐக் கூட்டினார்கள். எலிகளில் அவை பரவத் தொடங்கின. இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தப் பரவல்தான். 2008இல் இதற்கு நேரெதிரான 335, 126 தெரியவந்தன. இவை குறைந்தால் பரவும்.

7/ அப்போ மருந்தாக்கலாமே? 34ஏ-வின் நகலை, கல்லீரல் உட்படப் பல புற்றுநோய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகள், உயிரிழப்புகள். 2016இல் நிறுத்தினார்கள்.

8/ 2024இல் ஆம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் நோபல் பரிசு. புழு ஜெயிச்சிடுச்சு!

9/ இப்போ பதில். ரத்தப் பரிசோதனை இன்னும் ஆய்வில்தான் இருக்கு. மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே அளவு மாறிடும். ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு பட்டியல் தருது. அதனால் இது மேமோகிராமுக்கு மாற்று இல்லை.

10/ மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லையேன்னு விட்டுடாதீங்க. புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. அம்மா, அக்கா, தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க.