பங்குனியில் விழுந்த கோட்டை

பங்குனி வெயிலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படியேறுகிறவனை எங்கள் வல்லத்தில் கிறுக்கன் என்பார்கள். நான் ஏப்ரல் 5 அன்றுதான் ஏறுவேன். 1761இல் அதே நாளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள்.

கோட்டைக்குள் இருந்த தளபதி மக்கிரெகர். பெயரைப் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரர். சோறு பிரெஞ்சுச் சோறு. சரணடையச் சொன்ன கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்துக்கு, ஒரு லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷம் ஆகும் என்று பதில் அனுப்பினாராம். வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. ஔரங்கசீப்பின் படைக்கே 1690 முதல் 1698 வரை தண்ணி காட்டிய மலை இது. ஆனால் அதே மலையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்ததும் உண்டு.

ஆனால் ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இனி எங்கிருந்து அரிசி வரும், யார் வருவார்கள்? வெளியே ஸ்மித்தின் ஆட்களைச் செஞ்சிக் காய்ச்சல் தின்றுகொண்டிருந்தது. கோட்டையைப் பிடித்தவர்கள் யாரையும் அது விட்டதில்லை. இருவருக்கும் அவசரம், பேச்சு சீக்கிரம் முடிந்தது. அன்றைக்கு இந்தியாவில் பிரெஞ்சுக்கொடி பறந்த கடைசிக் கோட்டையிலும் அது இறங்கியது. 1765இல் புதுச்சேரியைத் திரும்பக் கொடுத்தார்கள், செஞ்சியைக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்கோ 1714இல் மாண்ட செஞ்சி ராஜா தேசிங்கும் அவன் குதிரையும்தான் சரித்திரம். யுனெஸ்கோ 2025இல் செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மக்கிரெகரை விசாரிக்க, குரங்குகளிடம் பையைப் பறிகொடுத்தபடி, நான் ஒருவன்தான் போகிறேன்.