டீசல் விலை ஏறும்போதெல்லாம் வரும் தண்ணீர்க் கதை



லொறி வைத்திருக்கும் நம் ஊர்ச் சகோதரர்கள் சிலர் "எச்.எச்.ஓ கிட்" பற்றி விசாரிக்கிறார்கள். ஒரு போத்தலில் தண்ணீர், அதற்குள் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் தகடுகள், பெட்டரியிலிருந்து இரண்டு வயர், எயார் ஃபில்டருக்கு ஒரு குழாய். கராஜுக்குக் கூடப் போகத் தேவையில்லை, நாமே பூட்டலாம், டீசல் மிச்சம் என்று வீடியோக்கள் சொல்கின்றன. காசு கொடுக்கும் முன் இந்தச் சாமானின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நம் நினைவில் இருக்கும் வரலாறு. 2022 ஜனவரியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. ஏப்ரல் 19இல் 289 ரூபா. ஜூன் கடைசியில் 460 ரூபா. அந்த ஏப்ரல் 19ஆம் திகதிதான் நமது கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு மக்கள் ரயில் பாதையை மறித்தார்கள். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். கொழுந்து ஏற்றும் லொறியும் மரக்கறி ஏற்றும் லொறியும் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் "தண்ணீரே போதும்" என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா? இந்தக் கதை எப்போதும் பிறப்பது அந்தத் தவிப்பில்தான்.

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்பது பொய்யல்ல. 1800இல் இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதைச் செய்து காட்டினார்கள். இன்று நம் பிள்ளைகள் பாடசாலையில் மின்பகுப்பு என்று படிப்பது அதைத்தான். ஐதரசனில் எஞ்சின் ஓடும் என்பதும் பொய்யல்ல. 1807இலேயே டி ரிவாஸ் என்பவர் அப்படியொரு எஞ்சின் செய்தார். இந்த இரண்டு உண்மைகளையும் ஒட்டி மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்போதுதான் தவறு நுழைகிறது: வண்டி தன் மின்சாரத்தாலேயே தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவால் தன் எரிபொருளை மிச்சப்படுத்திக்கொள்ளும் என்பது.

1935இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் கரட் என்பவர் இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமைப் பத்திரம் இருந்தது, சந்தைக்கு வண்டி வரவில்லை. பிறகு ஸ்டான்லி மேயர் வந்தார். தண்ணீரில் ஓடும் வண்டி என்று முதலீடு வாங்கினார். 1996இல் ஒஹாயோ நீதிமன்றம் அது மோசடி என்று தீர்த்து, பணம் போட்ட இருவருக்கு 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

அதே 1996இல் தமிழ்நாட்டில் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, மூலிகையும் தண்ணீரும் சேர்த்துப் பெற்றோல் செய்வதாகச் சொன்னார். நாடே திரும்பிப் பார்த்தது. விற்றது பெற்றோலியக் கலவைதான் என்று விசாரணையில் தெரிந்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது.

நம் நாட்டிலும் நடந்தது. 2008இல் மசகு எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டொலர் வரை ஏறிய வருடம், துஷார பிரியமால் எதிரிசிங்க என்பவர் 3 லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் காரோட்டியதாகச் செய்தி வந்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவிடமும் அது காட்டப்பட்டு, அரச ஆதரவு உறுதியளிக்கப்பட்டது. சில மாதங்களில் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் அவர் கைதானார். அந்த வண்டி இன்றுவரை நம் பாதைகளில் இல்லை.

ஏன் முடியாது? தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். அடுப்புச் சாம்பல் போல. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் இல்லாதபோது தமிழ்நாட்டில் கரிவாயு பஸ் ஓடியது. கரியில் எரிய இன்னும் சக்தி இருந்ததால் அது ஓடியது. சாம்பலை மறுபடி விறகாக்க, எரித்தபோது வந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். டீசலில் 100 பங்கு சக்தி என்று வைப்போம். நல்ல எஞ்சின் அதில் 40 பங்கைச் சுழலும் வேலையாக்கும். அதை ஒல்டனேட்டர் மின்சாரமாக்கினால் 24 அளவில் மிஞ்சும். அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்தால் 15 அளவு வாயுவாகும். அந்த வாயுவை அதே எஞ்சினில் எரித்தால் 6. நூறைக் கொடுத்து நாற்பது வாங்க வேண்டிய இடத்தில் ஆறு வாங்குகிறோம்.

இன்னொரு கணக்கு. ஆறு செல் உள்ள கிட் ஒன்று 20 அம்பியர் இழுத்து ஒரு மணித்தியாலம் வேலை செய்தால், ஒரு துளியும் வீணாகாவிட்டால் கூட, சுமார் 4.5 கிராம் ஐதரசன்தான் வரும். அதன் சக்தி 15 மில்லிலீற்றர் டீசலுக்குச் சமம், மூன்று தேக்கரண்டி. கடுகண்ணாவை ஏற்றத்தில் சுமையோடு ஏறும் லொறி அதைக் கவனிக்கவும் மாட்டாது.

"சக்திக்காக அல்ல, டீசலை முழுசாக எரிக்க" என்றும் சொல்வார்கள். ஒழுங்காக இருக்கும் டீசல் எஞ்சின் ஊற்றிய டீசலில் 98 வீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிக்கிறது. இழப்பு ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாகப் போவதுதான்.

அப்படியானால் பூட்டியவர்கள் பொய் சொல்கிறார்களா? எல்லோரும் இல்லை. கிட் பூட்டும் நாளில் எயார் ஃபில்டர் மாறும், இன்ஜெக்டர் பார்க்கப்படும், டயருக்குக் காற்று அடிக்கப்படும். மிச்சத்தைப் பார்க்கும் ஆவலில் டிரைவர் மெதுவாக மிதிப்பார். மிச்சம் வருவது உண்மை, பெயர் எடுப்பது போத்தல்.

ஆபத்தோ உண்மையானது. தண்ணீரில் கலக்கும் கோஸ்டிக் பொட்டாஷ் தோலையும் கண்ணையும் எரிக்கும். பலாங்கொடை வளைவுகளில் போத்தல் குலுங்காமல் இருக்காது. உப்புப் போட்டால் குளோரீன் வாயு வரும். ஸ்டீல் தகடு அரித்து வரும் பழுப்பு நீரில் குறோமிய நஞ்சு இருக்கலாம். அதை மா ஓயாவில் ஊற்றினால் குடிப்பது நாம்தான். ஐதரசன் காற்றில் 4 வீதம் கலந்தாலே தீப்பற்றும். பொனட்டுக்குள் ஒரு பொறி போதும்.

ஐதரசன் லொறி நாளை நம் பாதைக்கும் வரலாம். 2023 பெப்ரவரியில் இந்தியாவில் அசோக் லேலண்ட் ஐதரசன் எஞ்சின் லொறி அறிமுகமானது. ஆனால் அது வெளியில் தயாரித்த ஐதரசனைச் சிலிண்டரில் சுமந்து செல்கிறது. தன் பெட்டரியில் தண்ணீர் பிரிக்கவில்லை.

வாங்கத்தான் நினைத்தால் விற்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, அதே பாதை, அதே சுமை, அதே டிரைவர்; ஐந்து நாள் கிட் ஓடட்டும், ஐந்து நாள் நிறுத்தி வையுங்கள், எது எப்போது என்று டிரைவருக்குச் சொல்லாதீர்கள். குடித்த டீசலை எழுதுங்கள். மிச்சம் இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்கத் தேவையில்லை. அந்தக் காசுக்கு இன்ஜெக்டரைச் சரிபாருங்கள், டயரைப் பாருங்கள், இறக்கத்தில் கியரோடு இறங்குங்கள்.

லொறி ஒரு குடும்பத்தின் சோறு. வட்டிக்குப் பயந்து, நகையை விற்று வாங்கிய வண்டிகள் நம்மிடையே எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும். கராஜ் வைத்திருக்கும் நானாமார் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். இந்தக் கிட்டை விசாரிக்கும் ஒருவருக்காவது இதைக் காட்டுங்கள்.