மண்ணெண்ணெய் குடித்த மாருதி

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு துத்வா காட்டுக்குப் போனோம். லக்னோவில் இருந்து சீதாபூர் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. லக்கீம்பூர் என்ற பலகையைப் பார்த்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. "என்னப்பா, தூக்கம் வருதா? அம்மா ஓட்டட்டுமா?" என்றாள் மகள். தூக்கம் இல்லை. அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலே எனக்கு ஒரு பழைய காரும், ஒரு வங்கிக் கோப்பும், நான் பார்த்தே இராத ஒரு இளைஞனும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். ஊர் திரும்பியதும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆபீஸில் ஆணி அதிகம், இப்போதுதான் நேரம் கிடைத்தது. கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005. வங்கியில் சேர்ந்த புதிது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு மாவட்டத் தலைநகரில் கிளை. கல்யாணம் ஆகவில்லை, கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. பழைய கார்புரேட்டர் மாடல் மாருதி 800 ஒன்றை மூன்றாவது ஆளாக வாங்கினேன். வாங்கிய முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பாலம் ஏறினால் எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல டொக் டொக் என்று சத்தம். பிக்கப் கிடையாது. இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். சாவியைத் திருப்பி அணைத்து, கையில் எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகும் எஞ்சின் நாலு முறை விக்கிவிட்டுத்தான் நிற்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இதைப் பார்ப்பதற்கென்றே சாயங்காலம் வாசலில் காத்திருக்கும் :-)

மெக்கானிக் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. டியூபில் இருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டார். காய்ந்த பிறகும் எண்ணெய்க் கறை வட்டமாக நின்றது. "சாப், இதில் மிட்டி கா தேல் இருக்கிறது" என்றார். மண்ணின் எண்ணெய்! நம் மண்ணெண்ணெயேதான். ஊரில் நாங்கள் கிருஷ்ணாயில் என்போம், பாட்டி சீமெண்ணெய் என்பாள். எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார். பங்க்கின் பெயரைச் சொன்னேன். சிரித்தாரே தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை சிலிண்டருக்குள் அழுத்தும்போது அது பொறுமையாக இருக்க வேண்டும். பொறி வந்த பிறகுதான் பற்ற வேண்டும். இந்தப் பொறுமையின் அளவுதான் ஆக்டேன் எண். 2000-களின் தொடக்கத்தில் நம் ஊர் சாதாரண பெட்ரோலுக்கு 88, பிறகு 91. மண்ணெண்ணெய்க்கு இது மிக மிகக் குறைவு. அது கலந்தால் கலவை தானாகவே அங்கங்கே வெடிக்கும். அந்த டொக் டொக் அதுதான். சூடான எஞ்சினில் சாவி இல்லாமலேயே பற்றிக்கொள்வதும் அதனால்தான். தவிர மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது. முழுதாக எரியாத மிச்சம் ப்ளக்கில் கரியாகப் படியும், பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்க வைக்கும்.

எஞ்சினைப் பொறுமையாக்க மனிதன் செய்த பழைய வைத்தியம் ஈயம். 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தது. சத்தம் நின்றது, ஊரெல்லாம் காற்றில் விஷம் கலந்தது. இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்து, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஆனது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வைத்த காரில் ஈய பெட்ரோலைப் போட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடும். அந்த இடைப்பட்ட ஐந்து வருடம் கார் வைத்திருந்த டெல்லிவாசிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதை இன்னொரு பதிவில் பார்ப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பி.காம். எனக்கு ரசாயனத்தை விட கணக்கு நன்றாகப் புரியும். 2005-ல் பெட்ரோல் லிட்டர் நாற்பது ரூபாய்க்கு மேல். ரேஷன் மண்ணெண்ணெய் ஒன்பது ரூபாய் சுற்றி. 2002 ஏப்ரலில் அரசு விலைக்கட்டுப்பாட்டு முறையை எடுத்ததாக அறிவித்தபோதும், ஏழை வீட்டு விளக்கு என்பதற்காக மண்ணெண்ணெயை மானியத்திலேயே வைத்திருந்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் கேனோடு ரேஷன் வரிசையில் நின்றவன்தான் நானும். ஆனால் பங்க் முதலாளிக்கு லிட்டருக்குக் கமிஷன் அப்போது ஏறத்தாழ ஒரு ரூபாய். ஆயிரம் லிட்டர் விற்றால் ஆயிரம் ரூபாய். அதில் நூறு லிட்டர் மட்டும் மண்ணெண்ணெய், அது கறுப்புச் சந்தையில் இருபது ரூபாய்க்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்வரும்படி இரண்டாயிரம். நேர்மையான வருமானத்தைப் போல இரண்டு மடங்கு! இப்படி ஒரு இடைவெளியைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் அதில் கை விடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

கை விட்டார்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழி மாறிப் போகிறது என்று அந்த வருடமே என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. நீலச் சாயம் போட்டிருந்தார்கள், அதை எடுக்கும் வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 2006 அக்டோபரில் வெளிநாட்டில் இருந்து வரவழைத்த ரகசிய அடையாளத் திரவம் ஒன்றைக் கலந்து பார்த்தார்கள். அதையும் பிரித்தெடுக்க முடியும் என்று தெரிந்து சில வருடங்களில் கைவிட்டார்கள்.

இனி என் கோப்பு.

எங்கள் கிளையில் ஒரு பெட்ரோல் பங்க்குக்கு கேஷ் கிரெடிட் கணக்கு. 2005 அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும், பேப்பர் தயார் செய்வது என் வேலை. கம்பெனி இன்வாய்ஸ்களைக் கூட்டினேன். கணக்கில் கட்டிய ரொக்கத்தைக் கூட்டினேன். வாங்கிய தொகையோடு கமிஷனைச் சேர்த்தாலும் ரொக்கம் அதற்கு மேல் நின்றது. மாதா மாதம், ஏறக்குறைய ஒரே விகிதத்தில். மேலாளரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், வெளியூர்ப் பையன் என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர். "ஆயில் விற்கிறான், டயர் விற்கிறான், பேட்டா. வட்டி ஒழுங்காகக் கட்டுகிறானா பார்" என்றார். கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆய்வுக்கும் போனேன். தொட்டியில் குச்சி விட்டு எத்தனை லிட்டர் என்று பார்த்து எழுதினேன். உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் பத்தி எங்கள் படிவத்தில் கிடையாது. என் மாருதிக்கு நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பங்க்கும் அதுதான்.

அடுத்த மாதம், நவம்பர் 19. லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் கோலா கோகரண்நாத் என்ற ஊர். இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. கோலார் தங்கவயலில் வளர்ந்து, மைசூரில் பொறியியல் படித்து, லக்னோ ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. முடித்தவர். கலப்படத்துக்காக அவர் சீல் வைத்த பங்க் மறுபடி திறந்து ஓடிக்கொண்டிருந்தது. திடீர் சோதனைக்குப் போன இடத்தில் நடந்தது. உடலை அவருடைய காரிலேயே எடுத்துப் போகும்போது பிடிபட்டார்கள்.

எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தெற்கில் இருந்து வந்து, சரியாக ஹிந்தி வராமல், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் எதிரே கோப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் வேலைதான் இருவருக்கும். ஊரில் இருந்து அம்மா போன் செய்து, "உன் வேலையிலயும் இந்த மாதிரி எல்லாம் உண்டாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த வாரமே எங்கள் பங்க் முதலாளி கிளைக்கு வந்தார், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்தார், டீ குடித்தார், செய்தியைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசினார். டிசம்பரில் கணக்கு புதுப்பிக்கப்பட்டது. பரிந்துரை என்ற இடத்தில் என் கையெழுத்து.

மஞ்சுநாத்தின் ஐ.ஐ.எம். நண்பர்கள் விடவில்லை. அவர் பெயரில் அறக்கட்டளை அமைத்து வழக்கின் பின்னாலேயே நின்றார்கள். 2007 மார்ச்சில் எட்டுப் பேருக்குத் தண்டனை, முக்கியக் குற்றவாளிக்குத் தூக்கு. 2009-ல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கி இரண்டு பேரை விடுவித்தது. 2015-ல் உச்சநீதிமன்றம் மீதி ஆறு பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. நம் நாட்டில் இப்படி ஒரு வழக்கு பத்து வருடத்துக்குள் முடிந்ததே பெரிய விஷயம்.

ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்று. 2011 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முதல் நாள். மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே எண்ணெய் டேங்கர்களில் கலப்பட வேலை நடப்பதைப் பார்த்த கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே வண்டியை நிறுத்தி இறங்கினார். அவரை உயிரோடு எரித்தார்கள்.

கடைசியில் இந்தத் தொழிலை ஒடுக்கியதில் துப்பாக்கிக்கும் சோதனைக்கும் இருந்த பங்கைவிட விலைக்கு இருந்த பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. 2016-ல் இருந்து ரேஷன் மண்ணெண்ணெய் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, இருபத்தைந்து காசு இருபத்தைந்து காசாக ஏற்றினார்கள். 2020-ல் மானியம் பூஜ்யம். அதற்குள் கரண்ட்டும் கேஸ் சிலிண்டரும் பரவியதால் கிராமத்தில் மண்ணெண்ணெயின் தேவையும் சுருங்கியது. இடைவெளி மூடியதும் கலப்பதில் லாபம் சுருங்கிவிட்டது. வேறு சால்வென்ட்கள் இருக்கின்றன, முழுதாக ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது சங்கத்துக்கு வரும் நம்மவர்கள் எல்லாரும் கேட்பது வேறு: "சார், மைலேஜ் குறைஞ்சிருச்சு, கலப்படமா?" அது எத்தனால். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கி 2025-ல் 20-ஐ எட்டியது. எத்தனாலின் ஆக்டேன் அதிகம், அதனால் டொக் டொக் வராது. ஆனால் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களுக்கு மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-ல் சொன்னது. டேங்கில் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மழைக்காலத்தில் வண்டி திணறினால் முதலில் அதைப் பாருங்கள்.

பில்டர் பேப்பர் கேட்கும் உரிமை நமக்கு இன்றும் உண்டு. துத்வாவில் இருந்து திரும்பும்போது லக்கீம்பூரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். இந்தக் கதையை வழியில் கேட்டிருந்த மகள், "கேளுப்பா" என்றாள். பங்க் பையன் உள்ளே போய்த் தேடி ஒரு பாக்கெட்டைக் கொண்டு வந்தான். ஒரு சொட்டு விட்டான். இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்தது. அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள். தங்கமணிக்குத்தான் எரிச்சல், இருட்டுவதற்குள் வீடு போக வேண்டுமே என்று.

மஞ்சுநாத்தைப் பற்றி மகளிடம் எல்லாம் சொன்னேன். டிசம்பரில் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்தால் கேட்பாள்.