கிழவரின் நூற்றாண்டும் ஒரு படிவமும்

2013 கிறிஸ்துமஸ் அன்று ஸ்வீடனில் வெளியான 'ஜன்னல் வழியே இறங்கிக் காணாமற்போன நூறு வயது மனிதர்' என்ற படத்தைச் சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். யோனாஸ் யோனாஸன் 2009-ல் எழுதிய நாவலை ஃபெலிக்ஸ் ஹெர்ன்கிரேன் படமாக்கியிருக்கிறார். மூன்று பேர் பார்த்தோம். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஓரிடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதியோர் இல்லத்தில் தன் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாட ஆட்கள் வருமுன் ஆலன் கார்ல்ஸன் என்ற கிழவர் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விடுகிறார். பஸ் நிலையத்தில் ஒரு முரடனின் பெட்டி அவர் கைக்கு வருகிறது. உள்ளே கட்டுக்கட்டாகப் பணம். துரத்தி வருகிறவர்களில் ஒருவன் குளிர்பதன அறையில் விறைத்துச் சாகிறான். இன்னொருவன் மேல் யானை உட்கார்ந்துவிடுகிறது. இடையிடையே கிழவரின் ஞாபகத்தில் நூற்றாண்டு வந்து போகிறது. ஸ்பெயினில் பாலங்களுக்கு வெடி வைக்கப் போனவர் தற்செயலாக ஃபிராங்கோவின் உயிரைக் காப்பாற்றிவிடுகிறார், லாஸ் அலமோஸில் ஓப்பன்ஹைமருக்கு அணுகுண்டின் முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கிறார், ட்ரூமனோடு குடிக்கிறார், ஸ்டாலினின் கோபத்துக்கு ஆளாகிக் கட்டாய உழைப்பு முகாமுக்குப் போகிறார். ராபர்ட் குஸ்டாஃப்ஸன் இத்தனை வயதுகளையும் ஒருவராகவே நடித்திருக்கிறார். அந்த ஒப்பனை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சிறு காட்சி உண்டு. வெடிமருந்துப் பைத்தியமான இளம் ஆலன் தவறுதலாக ஒருவரின் சாவுக்குக் காரணமாகி மனநோய் விடுதியில் அடைபடுகிறான். இன ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர் அவனைச் சோதிக்கிறார். அவன் சந்ததி உண்டாக்கத் தகாதவன் என்று முடிவாகிறது. கத்தி வைக்கிறார்கள். கிழவரின் குரல் அதைச் சாவகாசமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. நாங்களும் கடந்துவிட்டோம். மறுநாள் அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

இந்தப் படத்தில் வரும் சரித்திரம் பெரும்பாலும் அந்நியருடையது. ஃபிராங்கோ, ஸ்டாலின், ட்ரூமன் எல்லோரும் வெளியாட்கள். ஸ்வீடனுக்கே உரிய சரித்திரம் என்று அழுத்தமாகச் சொல்லக்கூடியது இந்த ஒரு காட்சிதான். ஆலன் பார்த்ததாகச் சொல்லப்படும் மற்றதெல்லாம் கட்டுக்கதை. இது மட்டும் நடந்தது.

நடந்ததன் விவரம் இது. 1922-ல் உப்சாலாவில் ஸ்வீடன் அரசு ஓர் இனவுயிரியல் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க், மண்டையோடுகளை அளந்து இனங்களைத் தரம் பிரித்தவர். படத்துப் பேராசிரியருக்கு இவர்தான் மூலம். 1934-ல் மலடாக்கும் சட்டம் நிறைவேறி, 1935 முதல் அமலுக்கு வந்தது. 1941-ல் அதன் எல்லை விரிந்தது. மனவளர்ச்சி குன்றியவர், மனநோயாளி என்ற வகையினரோடு 'சமூகத்துக்கு ஒவ்வாத வாழ்க்கை' நடத்துகிறவர்களும் அதற்குள் வந்தார்கள். 1975 வரை இந்தச் சட்டங்களின் கீழ் சுமார் 63,000 பேருக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள்.

இந்த இடத்தில் படம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, காலத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. ஆலன் பிறந்தது 1905-ல். அவன் விடுதியில் இருப்பது இருபதுகளில், சட்டம் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பு. ஆகவே குற்றம் கிறுக்குப் பிடித்த ஒரு பேராசிரியரின் தலையில் விழுகிறது. உண்மையில் இதைச் செய்தது பாராளுமன்றம். சட்டம் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் பேர் அல்பின் ஹான்ஸன். தேசத்தை நல்ல குடும்பம் வாழும் 'மக்கள் இல்ல'மாக ஆக்குவோம் என்று 1928-ல் பேசியவர். அதே 1934-ல் மக்கள்தொகை நெருக்கடி பற்றிப் புத்தகம் எழுதிய ஆல்வா, குன்னார் மிர்டால் தம்பதியும் மலடாக்குதலை ஆதரித்தார்கள். ஆசிய வறுமையைப் பற்றி 'ஏசியன் டிராமா' எழுதிய மிர்டால்தான். ஆல்வா பின்னால் இந்தியாவில் தூதராக இருந்தவர், 1982-ல் அமைதிக்கான நோபல் பெற்றவர். இவர்கள் கிறுக்கர்கள் அல்லர். நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்தது இது என்பதை ஒரு கோமாளிப் பேராசிரியரைக் காட்டிப் படம் மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, கத்திக்கு ஆளானவனை ஆணாக்கி, அவனைக் கவலையற்றவனாகவும் ஆக்குகிறது. ஆலனுக்குப் பிள்ளை இல்லை, பந்தம் இல்லை, ஆகவே குற்றவுணர்வும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நூற்றாண்டு முழுக்க நடக்கிறான். அவனுடைய சுதந்திரத்தின் அஸ்திவாரமே அந்த அறுவைதான். இதே காட்சியில் ஒரு பெண்ணை வைத்திருந்தால் படம் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

நான் வங்கி குமாஸ்தா. ஒரு நாளில் பல தடவை நான் கேட்டு வாங்குவது கையெழுத்து. 'படித்துப் புரிந்துகொண்டு என் சுயவிருப்பத்தின் பேரில்' என்ற அச்சு வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்கே போடுங்கம்மா" என்பேன். பணம் அவசரமாக வேண்டியவர் அந்த வரியைப் படிப்பதில்லை. படித்தாலும் மறுக்கும் நிலையில் இல்லை. கடன் பத்திரமும் கருப்பையும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் ஸ்வீடனின் விஷயத்தை எனக்கு விளங்க வைத்தது அந்தப் பெருக்கல் குறிதான். அங்கும் விண்ணப்பங்கள் இருந்தன. பலவற்றில் சம்மதக் கையெழுத்தும் இருந்தது. விடுதியிலிருந்து வெளியே போக வேண்டுமா, கருக்கலைப்புக்கு அனுமதி வேண்டுமா, முதலில் இதில் கையெழுத்துப் போடு என்பதே பலருக்கும் வைத்த நிபந்தனை. எதையும் பலாத்காரம் என்று சொல்ல முடியாதபடி கோப்பு ஒழுங்காக இருந்தது.

இன்னொரு முரண். கருத்தடைச் சாதனங்களை விளம்பரப்படுத்துவதை 1910-ல் தடை செய்த நாடு அது. அந்தத் தடை 1938 வரை நீடித்தது. ஆகவே சில வருஷங்கள் ஒரே அரசு ஒரு சாராரைப் 'பெறு' என்றும் மற்றவரைப் 'பெறாதே' என்றும் சட்டத்தின் பேரில் சொல்லிக்கொண்டிருந்தது. நாவலில் ஆலனின் அப்பா கருத்தடைக்காகப் பேசுகிறவர். மகனுக்கோ அரசே கருத்தடை செய்துவிடுகிறது. எவ்வளவு கறுத்த நகைச்சுவை கையில் கிடைத்திருக்கிறது! படம் அதைத் தொடாமல் யானையிடம் போய்விட்டது.

இந்த விஷயத்தை ஆய்வாளர்கள் 1991-லேயே புத்தகமாக எழுதியிருந்தார்கள். 1997-ல் மாச்சேய் ஸரெம்பா பத்திரிகையில் எழுதிய பிறகே நாடு திடுக்கிட்டது. 1999-ல் உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 1,75,000 குரோனர் என்று நஷ்டஈடு நிர்ணயமாயிற்று. அதோடும் முடியவில்லை. பாலினம் மாறுகிறவர்கள் சட்ட அங்கீகாரம் பெற மலடாகியிருக்க வேண்டும் என்று 1972-ல் விதித்த நிபந்தனை 2013-ல்தான் நீங்கியது. ஆலன் ஜன்னல் வழியே இறங்கித் திரைக்கு வந்த அதே வருஷம்.

கனமான விஷயத்தைக் கண்ணீரோடுதான் சொல்ல வேண்டும் என்பதல்ல என் வாதம். 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்' எழுதிய ஹாஷெக் டாக்டர்களையும் கோப்புகளையுமே நகைச்சுவையின் நடுவில் உட்கார வைத்தார். ஷ்வெய்க்கைப் பரிசோதிக்கும் டாக்டர் குழுவைப் பார்த்து நாம் சிரிக்கும்போது சிரிப்பு அதிகாரத்தின் மேல் விழுகிறது. ஹெர்ன்கிரேனின் படத்தில் சிரிப்பு எவர் மேலும் விழுவதில்லை. சர்வாதிகாரி, விஞ்ஞானி, முரடன், யானை எல்லோரும் ஒரே எடை. நடப்பது நடக்கும், யோசித்துப் பயனில்லை என்பதே கிழவரின் வேதாந்தம். நூறு வயதில் ஒரு மனிதன் அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். 63,000 கோப்புகளை வைத்திருக்கும் ஓர் அரசும் அதே வேதாந்தத்தைத்தான் விரும்பும்.