கன்று ஈனும் காலம்

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டுக்கு விடியுமுன் சென்று நின்றவர்களுக்கு ஒன்று விளங்கும். அங்கே விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாதம் உண்டு. எந்தக் காய் எப்போது மலியும், எது எப்போது அருகும் என்பதைக் கடைக்காரர் பஞ்சாங்கம் பாராமலே சொல்லிவிடுவார். என் இளமையில் அந்தக் காய்களைச் சுமந்து இரவெல்லாம் நடந்து வந்த வண்டிகள், வாயிலருகே அவிழ்த்துவிடப்பட்டு வரிசையாக நிற்கும். நுகம் நீங்கிய காளைகள் வைக்கோலை அசைபோட்டபடி படுத்திருக்கும். காய்க்கு மாதம் உண்டு என்று அறிந்த நாம், அதைச் சுமந்த காளை பிறப்பதற்கும் உகந்த மாதம் ஒன்று உண்டு என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

எனக்கு அந்த எண்ணத்தை ஊட்டியவன் ஒரு மாணவன். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் கால்நடை வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மேனாட்டு நூலொன்றில் படித்ததை வைத்து, "பசுக்கள் இளவேனிலில் கன்று ஈனுவதே சிறந்தது, அப்போதுதான் புல் தளிர்க்கும்" என்றேன். மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று தமிழ் ஐயா சொன்னாரே. சித்திரையில் எங்கள் ஊரில் புல் ஏது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனி உருகிப் புல் முளைக்கும் நாட்டின் இளவேனிலை, கத்தரி வெயில் காயும் நாட்டின் இளவேனிலாக நான் மொழிபெயர்த்துவிட்டேன். சொல் சரிதான், பொருள் முற்றிலும் தவறு.

மறுமொழி சொல்லக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 285 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், ஈன்ற 80 நாளுக்குள் பசு மீண்டும் சினைப்பட வேண்டும். ஈன்ற இரண்டு மாதத்திற்குள் பால் உச்சத்தை அடைகிறது. அப்போது வயிறாரப் புல் இல்லையேல் பசு தன் உடம்பையே கரைத்துக் கன்றுக்கு ஊட்டும். அவ்வாறு இளைத்த பசு மறுபடி பருவத்திற்கு வராது. ஆதலின் முதலில் குறிக்க வேண்டியது புல் செழிக்கும் நாள். அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நம் வறண்ட நிலங்களில் புல் செழிப்பது புரட்டாசி முதல் மார்கழி வரை. தை முதல் நாள் பொலிகாளையுடன் சேர்ந்த பசு ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஈனும். மார்கழி முதல் நாள் சேர்ந்தது புரட்டாசியில் ஈனும். அந்தப் புரட்டாசிப் பசுவுக்கு 80 நாள் கழிந்தால் மீண்டும் மார்கழி வந்துவிடுகிறது! புல்லும் அப்போது முற்றிலும் தீர்ந்திராது, வெயிலும் தணிந்திருக்கும். வெயில் தணிந்திருத்தல் சிறு செய்தியன்று. கடும் வெப்பத்தில் பசுக்கள் சினைப்படுவது குறையும், பொலிகாளையும் வாடும். காளையின் விந்து உருவாகி முதிர இரண்டு மாதம் ஆவதால், வைகாசி வெயிலின் தீங்கு ஆடியிலும் தொடரும்.

இக்கணக்கை நம் முன்னோர் அறிந்திருந்தனரா? இதற்கு விடை சொல்லுமுன், எதற்காக மாடு வளர்த்தனர் என்று கேட்க வேண்டும். திருவரங்கத்தில் நாள்தோறும் வைகறையில் பெருமாள் திருமுன் பசுவைக் கொண்டுவந்து நிறுத்துவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கோயிலுக்குப் பாலும் நெய்யும் ஆண்டு முழுவதும் வேண்டும். மாதம் பார்த்து விளக்கு எரிய முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வகுத்துள்ளன. ஓர் உழக்கு நெய்க்கு 48 பசுக்களா என்று வியக்கலாம். ஒரே வேளையில் எல்லாப் பசுக்களும் கறப்பதில்லை. சில சினையாக இருக்கும், சில வற்றியிருக்கும். கோடையிலும் விளக்கு அணையாதிருக்க வேண்டுமானால், கன்றுகள் ஆண்டு முழுவதும் பரவலாகப் பிறக்க வேண்டும். அவ்வளவு பெரிய மந்தை கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

பாலுக்காகவன்றி, உழைப்புக்காகவோ இறைச்சிக்காகவோ வளர்ப்பதாயின் கணக்கு மாறுகிறது. அங்கே பால் முழுதும் கன்றுக்கே. கன்றுகள் ஒரே காலத்தில் பிறந்து, மழைப் புல்லில் ஒருமிக்க வளர்வதே ஆதாயம். மைசூர் மன்னர்களின் மாட்டு மந்தைக்கு அமிர்தமகால் என்று பெயரிட்டவர் திப்பு சுல்தான். அந்த மந்தைக்குரிய 'காவல்' என்னும் மேய்ச்சல் நிலங்களை வெயிற்காலத்துக்கு, மழைக்காலத்துக்கு, குளிர்காலத்துக்கு என மூவகையாகப் பிரித்திருந்தனர். மாட்டை மாதத்துக்கேற்ப நகர்த்தும் இந்த முறையின் பயனைப் போர்க்களத்தில் காணலாம். 1781-இல் சிதம்பரத்தை ஆங்கிலேயர் தாக்கியபோது, ஐதர் அலி இரண்டரை நாளில் 100 மைல் கடந்து வந்தார். பீரங்கியை இழுத்த காளைகள் அந்த மந்தையின் வழிவந்தவை. சரித்திர நூல்களில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. புல்வெளியின் பெயர் இருப்பதில்லை!

நமக்கு இன்னும் அண்மையில் உள்ளது காங்கேயம். ஒரு காலத்தில் நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கரூரிலிருந்து மேற்கே செல்லச் செல்ல, கிளுவை முள் வேலியிட்ட 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் காடுகளைக் காணலாம். வேலிக்குள் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மழை விழுந்த சில நாளில் அந்தப் புல் தளிர்த்துவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இத்தகைய நிலங்களில்தான் காங்கேயம் இனத்தைப் பேணி வளர்த்துப் புகழ் பெற்றனர். ஓசூரில் 1924 முதல் இயங்கிவரும் அரசினர் மாட்டுப்பண்ணையிலும் அவ்வினம் வளர்க்கப்பட்டது.

கொறங்காட்டின் அருமை மழைக்காலத்தைவிடக் கோடையில்தான் தெரியும். புரட்டாசியில் பிறந்த கன்று ஏழெட்டு மாதத்தில் தாய்ப்பாலை மறக்கும் வேளை, சித்திரை வைகாசி ஆகிறது. பால் நின்ற நாளும் புல் கருகிய நாளும் ஒன்றாக வந்து சேர்கின்றன! மழையில் ஈனச் செய்யும் முறைக்கு இதுவே பெரிய குறை. கொறங்காட்டில் அந்நாளில் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து கால்நடைக்கு உணவாகும். வீட்டில் சேமித்த சோளத்தட்டையும் கைகொடுக்கும். இவ்விரண்டும் இல்லாதவன் மார்கழியில் காளையைச் சேர்த்துப் பயனில்லை. மற்றொரு குறையும் உண்டு. ஐப்பசி அடைமழையில் பிறக்கும் கன்று, ஈரத்திலும் சேற்றிலும் கிடந்தால் கழிச்சலுக்கும் சளிக்கும் இரையாகும். கொட்டில் ஒழுகுகிறவர் சற்று முந்தி, புரட்டாசியிலேயே ஈனும்படி பார்த்துக்கொள்வது நல்லது. காவிரிக் கரை நஞ்சை ஊர்களிலோ சம்பா அறுவடைக்குப்பின், தையிலும் மாசியிலும் வைக்கோல் குவிகிறது. அவர்கள் பஞ்சாங்கம் வேறு. லால்குடிக்குச் சரியானது மணப்பாறைக்குச் சரியாகாது.

இறைச்சிக்காகவே மாடு வளர்க்கும் வெப்ப நாடு எப்படிச் செய்கிறது என்று பார்த்தால், நம் மாட்டையே அங்கே காண்கிறோம். முன்பு சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகள், 19-ஆம் நூற்றாண்டு முதல் 1960-களின் தொடக்கம் வரை பன்முறை கப்பலேறிப் பிரேசில் சென்றன. 'நெலோரே' என்ற பெயரில் இன்று அந்நாட்டு இறைச்சி மாடுகளில் மிகப் பெரும்பாலானவை அவற்றின் வழித்தோன்றல்களே. நம் நாட்டில் உழுது, வண்டியிழுத்து, முதுமையில்தான் இறைச்சிக்குப் போகும் மாடு, அங்கே பிறந்த நாள் முதல் இறைச்சிக்கென்றே வளர்கிறது. நடுப் பிரேசிலில் அக்டோபர் அளவில் மழை தொடங்கும். ஆகவே நவம்பர் முதல் சில மாதங்கள் மட்டும் பொலிகாளைகளை மந்தையில் விடுகிறார்கள். ஆகஸ்டு முதல் நவம்பருக்குள் கன்றுகள் பிறந்துவிடுகின்றன. அந்தக் குறுகிய காலத்துக்குள் சினைப்படாத பசுவைப் பெரும்பாலும் மந்தையில் வைத்திருப்பதில்லை. கடுமையான முறைதான். பசுவைப் பெயரிட்டு அழைக்கும் நம் வீடுகளில் இது செல்லாது. ஆயினும் புல்லை முன்வைத்து நாளைப் பின்னோக்கி எண்ணும் கணக்கு, மணப்பாறைச் சிறுவன் கேட்ட கேள்விக்குரிய அதே கணக்கு.

1928-இல் வெளிவந்த இராயல் விவசாயக் கமிஷன் அறிக்கை, இந்தியாவில் மாடுகள் மிகுதி, தீவனம் குறைவு, அதனால் மாடுகள் மெலிவு, மெலிவை ஈடுசெய்ய மேலும் மாடுகள் என்று ஒரு நச்சுச் சுழலைச் சுட்டிக் காட்டியது. கன்று பிறக்கும் மாதத்தைப் புல்லோடு பொருத்துவது, காசு செலவில்லாமல் அச்சுழலைச் சற்றுத் தளர்த்தும் வழி. இன்று செயற்கைக் கருவூட்டலால் எந்த மாதத்திலும் பசுவைச் சினையாக்கலாம். பால் விற்பவருக்கு அது வரம். உழவுக் காளை வளர்ப்போர் குறைந்துவிட்டனர். காந்தி மார்க்கெட் வாயிலில் லாரிகளே நிற்கின்றன.

சென்ற சித்திரையில் மணப்பாறை அருகே ஒரு வேப்பமர நிழலில், ஈன்று பத்து நாள் ஆன பசுவொன்றைக் கண்டேன். கன்று முட்டி முட்டிக் குடிக்கிறது, மடி சுருங்கியிருக்கிறது. வளர்க்கும் அம்மாள் வெயிலில் நின்று, ஒரு கட்டு வைக்கோலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எப்போது ஊசி போட்டது என்று கேட்டேன். "போன ஆடியிலே போட்டதுங்க" என்றார். ஆடியில் போட்டால் சித்திரையில் ஈனும் என்று அவருக்கு அப்போது யாரும் எண்ணிச் சொல்லவில்லை.